சிங்கத்துக்கு முதுகு காட்டிய குடும்பம்

கோணவலசு என்று ஓர் ஊர். வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போட வந்த அதிகாரிக்கு அந்த ஊர்க்காரர்கள்தான் வழி சொன்னார்கள். மனிதர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்.

அந்த ஊருக்குச் சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மரியாதை மட்டும் மூட்டை மூட்டையாக உண்டு. சாப்பிடுகிறவரைப் பார்த்தால் கண் பட்டுவிடும் என்று நாமும்தான் சொல்கிறோம், சொல்லிவிட்டுப் பார்க்கிறோம். கோணவலசுக்காரர்கள் பார்க்கவே மாட்டார்கள். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் பரிமாறுவார்கள். ரசம் மடியில் விழும், அப்பளம் தலையில் விழும், பாயசம் அசலூர் சம்பந்தியின் சட்டைப் பைக்குள் விழும். "மரியாதைன்னா இதுவல்லவா மரியாதை!" என்று சம்பந்தி சட்டையைப் பிழிந்துகொண்டே ஊர் போய்ச் சேருவார்.

தூங்குகிறவரையும் பார்க்கக் கூடாது, ஆயுசு குறைந்துவிடும். அதனால் அந்த ஊரில் திருடன் வந்தால்கூட, தூங்குகிற வீட்டுக்காரரைப் பார்த்துவிடாதபடி கண்ணை மூடிக்கொண்டுதான் திருடுவான். திருடனும் உள்ளூர்க்காரன்தானே! விடிந்து பார்த்தால் பெரும்பாலும் தன் வீட்டு அண்டாவையே தூக்கிக்கொண்டு போயிருப்பான்.

இப்படிப்பட்ட ஊரில் பொங்கியண்ணனுக்கு ஒரு துக்கம் இருந்தது. ஆட்டுத்தலை.

அவனுடைய மாமனார் ராக்கியண்ணன் அடுத்த தெருவில் இருந்தார். அவர் வீட்டில் வருஷா வருஷம் கிடாவெட்டு. கிடாயின் தலை மூத்த மாப்பிள்ளையின் இலைக்கு. அதைக் கறி என்று நினைத்துவிடாதீர்கள், பட்டாபிஷேகம். மூத்த மாப்பிள்ளையான பொங்கியண்ணன் கல்யாணமான நாள் முதல் தலையைத் தின்று தலை நிமிர்ந்து நடந்தவன். இளைய மாப்பிள்ளை, அதாவது சகலை திருமூர்த்தி, குடல்கறியோடு அடங்கிக் கிடந்தான்.

அந்தத் திருமூர்த்தி ஒரு தரம் பட்டணம் போய்விட்டு வந்தான். "மாமா, மிருகக்காட்சி சாலையில சிங்கத்தைப் பாத்தனுங்க. என்னையப் பாத்து ஒரு கொட்டாவி உட்டுதுங்க பாருங்க, வாய்க்குள்ள நம்ம மாட்டுவண்டி திரும்பிப் போயிரும்!" என்றான். அந்த வருஷம் தலை திருமூர்த்தியின் இலைக்குப் போயிற்று. பொங்கியண்ணனுக்குக் கழுத்தெலும்பு வந்தது. மறுவருஷம் வால் வந்தது.

வாலை வாயில் வைத்துக்கொண்டே பொங்கியண்ணன் முறையிட்டான். "மாமா, மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறனுங்களே!"

"மாப்பிள்ளைங்க, மூப்பு தானா வருமுங்க. சிங்கம் தானா வருதுங்களா?" என்றார் ராக்கியண்ணன். "நீங்களும் ஒரு சிங்கத்தைப் பாத்துப்போட்டு வாங்க. கூடப் பாத்த சாட்சியும் வேணும். தலை உங்களுக்குத்தான்."

அப்படித்தான், இந்த வருஷக் கிடாவெட்டுக்கு முந்தின நாள் காலையில், பொங்கியண்ணன் குடும்பத்தோடு பட்டணத்து மிருகக்காட்சி சாலை வாசலில் வந்து இறங்கினான். சாட்சிக்கு மனைவி பாவாத்தாள். பாவாத்தாளின் தம்பி நஞ்சப்பன். இவர்களை வழிநடத்தப் பொங்கியண்ணனின் அக்கா நல்லம்மாள். மரியாதை விஷயத்தில் நல்லம்மாள் சொன்னால் கோணவலசில் மறுபேச்சு கிடையாது. சொந்தக் கல்யாணத்தில், சாப்பிடுகிற மாப்பிள்ளையைப் பார்க்கக் கூடாது என்று திரும்பி உட்கார்ந்தவள், தாலியைப் பின்பக்கமாகவே வாங்கிக்கொண்டாள்.

வாசலில் காவலாளி தடுத்தான். "யோவ், பிளாஸ்டிக் எதுவும் உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது. இருந்தா இங்கயே வெச்சுரு."

நால்வரும் கலந்து பேசினார்கள். பாவாத்தாள் வளையலைக் கழற்றினாள். நல்லம்மாள் சீப்பை எடுத்து வைத்தாள். நஞ்சப்பன் தன் சட்டைப் பொத்தான்களைப் பல்லால் கடித்து ஒவ்வொன்றாகக் காவலாளியின் கையில் வைத்தான்.

"ஏன்யா, பொத்தானையுமா?"

"அதும் பிளாஸ்டிக்குங்களே. பத்திரமா வெச்சிருங்க, எண்ணித்தானுங்க வாங்கிக்குவேன்."

அதற்குப் பிறகு நஞ்சப்பன் நாள் முழுக்க ஒரு கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

"சிங்கம் எங்கீங்க இருக்குது?" என்று பொங்கியண்ணன் கேட்டான்.

"கடைசில. அம்புக்குறி எங்க போவுதோ அது பின்னாடியே போய்க்கினே இரு."

வழியெல்லாம் பலகைகளில் அம்புக்குறி இருந்தது. ஆனால் அவை ஒன்றும் போகவில்லை. நட்ட இடத்திலேயே நின்றன. நடக்க மாட்டாதவர்களை ஏற்றிச் செல்லும் பேட்டரி வண்டி ஒன்று அந்தப் பக்கம் வந்தது. அதன் முதுகில் பெரிய சிவப்பு அம்புக்குறி.

"மச்சான், இதுதான் போகுது!" என்றான் நஞ்சப்பன்.

நால்வரும் வண்டியின் பின்னால் ஓடினார்கள். வண்டிக்குள் இருந்தவர்கள் யானையைப் பார்த்தார்கள், கரடியைப் பார்த்தார்கள். இவர்கள் அம்புக்குறியைப் பார்த்தார்கள். பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வண்டி மறுபடி வாசலுக்கே வந்து நின்றது. காவலாளி தலையில் அடித்துக்கொண்டு, நிற்கிற அம்புக்குறியைக் காட்டி அனுப்பினான்.

முதலில் யானை. பொங்கியண்ணன் ஆசையாகக் கழுத்தை நீட்டினான். யானை ஒரு தென்னை மட்டையை எடுத்து வாயில் வைத்தது.

"அக்கட்டத் திரும்புங்க!" என்று நல்லம்மாள் அதட்டினாள். "சாப்பிடறாரு!"

நால்வரும் சட்டென்று முதுகைக் காட்டி நின்றார்கள். எதிரே கழிப்பறைச் சுவர் இருந்தது. அதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். யானை மண்ணை வாரி அவர்கள் முதுகில் போட்டது.

"ஆசீர்வாதம் பண்றாரு" என்றாள் நல்லம்மாள்.

அடுத்தது மான். எல்லா மானும் மேய்ந்துகொண்டிருந்தன, திரும்பிக்கொண்டார்கள். கரடி உருண்டு படுத்துத் தூங்கியது, திரும்பிக்கொண்டார்கள். நீர்யானைக் குளத்தில் இரண்டு காதும் ஒரு மூக்கும் மட்டும் தெரிந்தன. பாவாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஏன் நங்கை, இவரு சாப்பிடவும் இல்ல, தூங்கவும் இல்ல. பாக்கலாமுங்களா?" என்று விரலிடுக்கு வழியாக நாத்தனாரைக் கேட்டாள்.

"அடிப் போடி! குளிச்சிட்டிருக்கற எடத்துல நின்னு பாக்கலாமான்னு கேக்கறயே! ஊருக்குத் தெரிஞ்சா என்னாகும்?"

"அது ஆம்பளையா பொம்பளையான்னு தெரிஞ்சா, நாங்க ரெண்டு பேரோ நீங்க ரெண்டு பேரோ பாக்கலாமில்லீங்களா?" என்றான் நஞ்சப்பன்.

"அதைத் தெரிஞ்சுக்கறதுக்குப் பாக்கோணுமேடா."

சிக்கலைக் குளத்தங்கரையிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள்.

கொஞ்ச தூரத்தில் ஒரு முயல் நின்றது. ஆளுயரம், வெள்ளை நிறம், வாயை ஆவென்று திறந்திருந்தது. சாப்பிடவில்லை, தூங்கவில்லை, குளிக்கவில்லை. நால்வருக்கும் கண் நிறைந்துபோயிற்று.

"இப்படி இருக்கோணும்" என்றாள் நல்லம்மாள். "வந்தவங்களை வாங்கன்னு கேக்கற மாதிரியே நிக்கறாரு பாரு!"

பக்கத்தில் வந்த ஒருவர் தின்று முடித்த சிப்ஸ் பொட்டலத்தைக் கசக்கி அந்த வாய்க்குள் போட்டார்.

"திரும்புங்க, திரும்புங்க! சாப்பிடறாரு!"

பட்டணத்து மிருகக்காட்சி சாலையில் கோணவலசுக் குடும்பம் கண்ணால் கண்டு ரசித்தது அந்தக் குப்பைத்தொட்டி ஒன்றைத்தான்.

உச்சிவெயில் ஆயிற்று, பசித்தது. கட்டுச்சோறு கையில் இருந்தது. ஆனால் எங்கே உட்கார்ந்து பிரிப்பது? 'விலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள்' என்று மரத்துக்கு மரம் பலகை. ஒருத்தர் பார்க்க, அவருக்குக் கொடுக்காமல் தின்பது கோணவலசில் பாவம். கொடுத்தால் பட்டணத்தில் குற்றம்.

"எந்த மிருகமும் பாக்காத எடமா வேணும்" என்று பொங்கியண்ணன் தேடினான். அகப்பட்டது. வெள்ளையடித்துக் காயப் போட்டிருந்த ஒரு காலிக் கூண்டு. கதவு திறந்திருந்தது. உள்ளே மேடை, நிழல், தண்ணீர்த் தொட்டி. சத்திரம் மாதிரி வசதி. உள்ளே போய் உட்கார்ந்தார்கள். குரங்கு வந்துவிடக் கூடாதே என்று நஞ்சப்பன் கம்பி வழியாகக் கையை விட்டுக் கதவை இழுத்து, தொங்கிக்கொண்டிருந்த பூட்டையும் அழுத்திப் பூட்டினான்.

"சாவி?" என்றாள் பாவாத்தாள்.

"பூட்டு இருக்கற எடத்துல சாவியும் இருக்கும் அக்கா. மொதல்ல சோத்தைப் பிரி."

புளிச்சோறு வாய்க்குப் போகிறது. நிமிர்ந்து பார்த்தால் கம்பிக்கு வெளியே கூட்டம்.

கூண்டின் மேல் 'சிங்கவால் குரங்கு' என்று பழைய பலகை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட ஒரு தகப்பனார் மகளைத் தோளில் தூக்கிக் காட்டினார். "பாரும்மா, இதான் சிங்கவால் குரங்கு."

"வால் எங்கப்பா?"

"உட்கார்ந்திருக்குல்ல? அடியில இருக்கும்."

"சட்டை போட்டிருக்கேப்பா."

"ஆனா பட்டன் போடத் தெரியல பாத்தியா? அதான் மனுஷனுக்கும் அதுக்கும் வித்தியாசம்."

பொங்கியண்ணன் எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்தான். சாப்பிடுகிறவர்களை இப்படியா வெறித்துப் பார்ப்பார்கள்! நால்வரும் முதுகைத் திருப்பி உட்கார்ந்தார்கள். கூட்டம் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தது. இவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். கூட்டமும் வந்தது. கூண்டுக்கு நாலு பக்கமும் கம்பி.

"சூப்பரா சுத்துதுடா!" என்று ஒருவன் பாப்கார்னை விட்டெறிந்தான். அவனுக்கு நேர் மேலேயும் அந்த உணவுப் பலகைதான் தொங்கியது. பட்டணத்தார் படித்தவர்கள், பலகையைப் படிப்பார்கள், அவ்வளவுதான்.

பாப்கார்ன் வந்து மடியில் விழுந்ததும் நல்லம்மாளின் முகம் மலர்ந்தது. "மடியிலேயே போடறாங்க. நம்மூருப் பழக்கம் இங்கயும் இருக்குது! வந்தவங்களுக்குக் குடுக்கறதை வேண்டாங்காதீங்க, வாயில போட்டுக்குங்க."

"அப்பா, தின்னுது! தின்னுது!"

சாவி வைத்திருந்த பணியாளர் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, குட்டித் தூக்கம் போட்டு, வெயில் தாழ்ந்த பிறகு வந்தார். பார்த்ததும் வாயிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. "யோவ், யாருய்யா உங்கள உள்ள வுட்டது? வாங்கய்யா வெளிய!"

கூட்டம் அவர்மேல் பாய்ந்தது. "காசு கொடுத்து வந்திருக்கோம் சார்! காலையிலேருந்து எல்லாம் படுத்துக்கிடக்கு. ஆடுற அசையுற ஐட்டம் இது ஒண்ணுதான். அதையும் வெளிய விட்டா எப்படி?" கண்ணாடிக்காரர் புகார் எழுதவே பேனாவை எடுத்துவிட்டார்.

ஒருவழியாக வெளியே வந்தார்கள். பொங்கியண்ணனுக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. பொழுது சாய்கிறது. பூங்கா மூடிவிடுவார்கள். நாளைக்குக் கிடாவெட்டு. நாக்கில் வாலின் ருசி தட்டியது. சிங்கம் இருந்த இடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தான்.

பெரிய அகழி. அகழிக்கு அந்தப் பக்கம் பாறை. பாறைமேல் ஏதோ மஞ்சளாக... பொங்கியண்ணன் கண்ணை அகலத் திறப்பதற்குள், "கறி தின்னுது மச்சி!" என்று ஒருவன் கத்தினான்.

"திரும்புங்க!" என்றாள் நல்லம்மாள்.

திரும்பி நின்றார்கள். சிங்கம் எலும்பைக் கடிக்கிற சத்தம் முதுகில் வந்து மோதியது.

"அக்கா, ஒரே ஒரு தரம்..." என்று பொங்கியண்ணன் கெஞ்சினான்.

"ஏன்டா பொங்கீ, உன்ற எலையில தலை உழுகோணும்னு, திங்கற ராசாவைக் கண்ணு வெக்கப் போறயா? நாளைக்கு அவருக்கு வவுத்து வலி வந்தா நீ வந்து சுக்குத் தண்ணி வெச்சுக் குடுப்பயா?"

"சரி, தின்னு முடிச்சிட்டாருன்னு திரும்பிப் பாக்காம எப்படித் தெரியும்?" என்றான் நஞ்சப்பன்.

"அவரு கை கழுவற சத்தம் கேக்குமில்ல?"

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. காத்திருந்தார்கள். கை கழுவும் சத்தம் கேட்கவேயில்லை. கடைசியில் பொங்கியண்ணன், கேமராவும் கையுமாக நின்ற ஒருவரைக் கேட்டான். "ஏனுங்க, அய்யா சாப்பிட்டுட்டாருங்களா?"

"யாரு? சிங்கமா? தின்னுட்டு அப்பவே தூங்கிருச்சுங்க."

"பாத்தயா!" என்றாள் நல்லம்மாள். "இப்பத் திரும்பினா ஆயுசு போயிரும். நில்லு."

வெயில் மஞ்சளாயிற்று. முதுகு காய்ந்தது. கால் மரத்தது. பொங்கியண்ணன் மனசுக்குள் சிங்கத்தை எழுப்பிப் பார்த்தான். 'எந்திரிங்க சாமி, ஒரு ஆட்டுத்தலை உங்களை நம்பி நிக்குது.' அந்தப் பிரார்த்தனை போய்ச் சேர்ந்தது போலிருக்கிறது. கூட்டத்தில் ஒரே கூச்சல். "எந்திரிக்குது! எந்திரிக்குது!"

பொங்கியண்ணன் துள்ளித் திரும்பப் போனான். நல்லம்மாள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"அவசரப்படாதே! எந்திரிச்ச ஒடனே அவரு மொதல்ல யாரு முகத்துல முழிப்பாரு?"

"என்ற முகத்துலதான்."

"உன்ற முகத்துல முழிச்சு, அவருக்குப் பொழுதன்னைக்கும் வெளங்காமப் போச்சுன்னா? எவன் முகத்துல முழிச்சனோன்னு அவரு வஞ்சா அந்தச் சாபம் ஆருக்கு? மொதல்ல வேற ஆராச்சும் முகத்தைப் பாக்கட்டும். பொறவு நாம பாத்துக்கலாம். துண்டை எடுங்க, மூஞ்சியை மூடுங்க!"

ஆண்கள் துண்டையும் பெண்கள் முந்தானையையும் முகத்தில் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை தைரியமாகச் சிங்கத்துக்கு நேராகத் திரும்பி நின்றார்கள். மொத்தப் பூங்காவிலும் முகம் இல்லாத நாலு பேரைக் கண்டு சிங்கத்துக்கே ஆச்சரியம் போலிருக்கிறது. அகழி ஓரம் வரைக்கும் இறங்கி வந்து, பிடரியைச் சிலிர்த்து, பூமி அதிர ஒரு கர்ஜனை செய்தது. கூட்டம் சிலிர்த்துப்போய்க் கைதட்டியது. அந்த வருஷத்திலேயே அது அவ்வளவு கிட்டே வந்ததில்லையாம்.

துண்டுக்குள்ளிருந்து பொங்கியண்ணன் கேட்டான். "அக்கா, எடுத்தரட்டுமா?"

"மூச்சு உடாதே. யாரு முகத்துல முழிக்கலாம்னு தேடறாரு!"

சத்தம் அடங்கியது. விசில் ஊதினார்கள். துண்டை எடுத்துப் பார்த்தபோது பாறை இருந்தது, ஓர் எலும்பு இருந்தது. சிங்கம் தன் கொட்டடிக்குள் போயிருந்தது, வாசலை மூடிக்கொண்டிருந்தார்கள்.

இரவு பஸ்ஸில் நஞ்சப்பன், காவலாளி ஒரு பொத்தானைக் குறைத்துக் கொடுத்துவிட்டதாக முனகிக்கொண்டு வந்தான்.

மறுநாள் கிடாவெட்டு. ஊரே பந்தியில் உட்கார்ந்திருந்தது. வெந்த தலை ஆவி பறக்கத் தட்டில் இருந்தது. திருமூர்த்தி இலையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தான்.

"சொல்லுங்க மாப்பிள்ளைங்க, சிங்கத்தைப் பாத்தீங்களா?" என்றார் ராக்கியண்ணன்.

பொங்கியண்ணன் தலையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பொய் சொல்லலாம் என்று கோணவலசில் யாருக்கும் தோன்றுவதில்லை; அதற்கும் கொஞ்சம் மூளை வேண்டுமே. "இல்லீங்க மாமா. நாங்க போறப்பச் சாப்பிட்டுக்கிட்டிருந்தாருங்க. பொறவு தூங்கிட்டாருங்க. பொறவு முழிச்சாருங்க, நாங்க மூஞ்சியை மூடிக்கிட்டமுங்க."

திருமூர்த்தி கெக்கெக்கே என்று சிரித்தான். அவன் ஒருவன்தான் சிரித்தான்.

ராக்கியண்ணன் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "சிங்கத்துக்கிட்டயே மரியாதையை உடலீங்களே!" என்றவர், இளைய மாப்பிள்ளை பக்கம் மெதுவாகத் திரும்பினார். "ஏனுங்க சின்ன மாப்பிள்ளை, உங்களைப் பாத்துக் கொட்டாவி உட்டுதுன்னீங்களே, அதுக்கு முந்தி அவரு என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"தூங்கிட்டு இருந்துதுங்க."

பந்தியில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"நீங்க பாத்துட்டு நின்னீங்களாக்கும்?"

திருமூர்த்திக்கு அதன் பிறகுதான் உறைத்தது. அவன் இலையில் ஒரு குளம்பை வைத்தார்கள். தலை, அதன் முழு மகிமையோடு, பொங்கியண்ணன் இலையில் வந்து இறங்கியது.

"மூத்த மாப்பிள்ளை சாப்பிடறாரு, எல்லாரும் திரும்புங்க!" என்றார் ராக்கியண்ணன்.

ஊர் முழுவதும் திரும்பி உட்கார்ந்தது. பொங்கியண்ணன் கண்ணை மூடிக் குலதெய்வத்தை நினைத்தான். வாலையும் கழுத்தெலும்பையும் நினைத்தான். கண்ணைத் திறந்தான்.

எதிரே மாமனார் வீட்டு நாய். முன்னங்கால் இரண்டையும் இலையில் ஊன்றிக்கொண்டு, தலையை வாயில் கவ்வி, கடைவாயால் கடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

பொங்கியண்ணன் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

சாப்பிடுகிறவரைப் பார்க்கலாமா? சிங்கத்துக்குக் கொடுத்த மரியாதையை, மாமனார் வீட்டு நாய்க்குக் கொடுக்காமல் இருக்கலாமா? மெதுவாக முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான்.

நாய் சாவகாசமாகத் தின்று முடித்தது. முடித்த இடத்திலேயே, இலையின்மேல் சுருண்டு படுத்துத் தூங்கிப்போயிற்று. முதல் குறட்டை கேட்டதும், "எந்திரிக்கறப்ப யாரு முகத்துல முழிப்பாரோ!" என்றாள் நல்லம்மாள். ஊர் மொத்தமும் துண்டையும் முந்தானையையும் எடுத்து முகத்தை மூடிக்கொண்டது.

சிங்கமாவது சாயங்காலம் எழுந்தது. இந்த நாய் தின்றது முழுக் கிடாய்த் தலையாயிற்றே, ஊர் இன்னும் துண்டை எடுக்கவில்லை.